இரட்டை வேடத்தைத் திருப்பிப் போட்ட படம்: 'ஷஸாம்' குழப்பங்களுக்கு ஒரு விளக்கம்

சிவப்பு உடை, தோளில் வெள்ளைத் துணி, மார்பில் பளிச்சென்று ஒரு மின்னல். 2019-இல் வந்த 'ஷஸாம்' படத்தை ஒரு விடுமுறை நாளில் சேலத்து வீட்டுக் கூடத்தில் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தால், பாதிப் படத்துக்குள் மூன்று கேள்விகள் எழுந்துவிடும். இவர் சூப்பர்மேனுக்குச் சொந்தமா? பழைய காமிக்ஸில் இவருக்குக் 'கேப்டன் மார்வெல்' என்று பெயர் போட்டிருக்கிறார்களே, அது அந்தப் பெண் நாயகியின் பெயரல்லவா? பையன் அவ்வளவு அடக்கமாக இருக்கிறான், பெரியவனாக மாறியதும் இப்படிக் கூத்தடிக்கிறானே, இருவரும் ஒரே ஆள்தானா?

முதல் இரண்டு கேள்விகளுக்கான விடை அமெரிக்க நீதிமன்றக் கட்டுகளில் இருக்கிறது. மூன்றாவதற்கு, சேலத்துக்காரர்கள் ஏற்காடு சாலையில் கொஞ்ச தூரம் போனாலே போதும். கதையின் முடிவையும் சொல்லாமல் இதை விளக்க முடியாது; படத்தை இன்னும் பார்க்காதவர்கள் அதற்கு ஆயத்தமாக வாசிக்கவும்.

கதை என்ன?

பில்லி பேட்சனுக்கு 14 வயது. சிறு குழந்தையாக இருந்தபோது தாயுடன் ஒரு கேளிக்கைத் திடலுக்குப் போனான். அங்கே விளையாட்டில் பரிசாகக் கிடைத்த சின்னத் திசைகாட்டி கைநழுவி உருள, அதைத் துரத்தி ஓடியவன் கூட்டத்தில் தொலைந்துபோனான். அன்று முதல் வளர்ப்பு வீடுகளில் வாசம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தப்பி ஓடித் தாயைத் தேடுவதே வேலை. கடைசியாக ஃபிலடெல்ஃபியா நகரில் விக்டர், ரோசா தம்பதியின் வீட்டுக்கு வருகிறான். அங்கே ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். அவர்களில் ஊன்றுகோலுடன் நடக்கும் ஃப்ரெடி என்ற பையன் அதிசய நாயகர்களைப் பற்றி விரல்நுனியில் தகவல் வைத்திருப்பவன்.

ஃப்ரெடியை அடிக்க வந்தவர்களிடமிருந்து காப்பாற்றி ஓடும் பில்லி ஒரு சுரங்க ரயிலில் ஏறுகிறான். ரயில் அவனை ஒரு குகையில் இறக்கிவிடுகிறது. உள்ளே ஒரு கிழ மந்திரவாதி. சேர்வராயன் மலை உச்சிக் கோயிலில் குனிந்து குகைக்குள் நுழைந்து கும்பிட்டவர்களுக்கு, குகையில் சக்தி குடியிருப்பது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. சுரங்க ரயில் மட்டும்தான் புதிது. தூய உள்ளம் படைத்த ஒருவனை ஆண்டுக்கணக்கில் தேடிச் சலித்த மந்திரவாதி, வேறு வழியில்லாமல், "நான் ஒன்றும் அப்படிப்பட்டவன் இல்லை" என்று தானே சொல்லும் இந்தப் பையனிடம் சக்தியை ஒப்படைக்கிறார். "ஷஸாம்" என்று சொன்னதும் மின்னல் வெட்டுகிறது. பையன் நின்ற இடத்தில் வாட்டசாட்டமான ஒரு பெரியவர் நிற்கிறார். மறுபடி சொன்னால் பழையபடி பையன்.

படத்தை இயக்கியவர் டேவிட் எஃப். சாண்ட்பெர்க். பையனாக ஆஷர் ஏஞ்சல், பெரியவராக சாக்கரி லெவை, ஃப்ரெடியாக ஜாக் டிலன் கிரேசர், வில்லன் சிவானாவாக மார்க் ஸ்ட்ராங்.

ஏற்காடு சாலையில் ஒரு பாடம்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. உள்ளே இருந்த படப்பிடிப்புத் தளங்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த நிறுவனம் 1940-இல் 'உத்தமபுத்திரன்' என்ற படத்தை எடுத்தது. பி.யு. சின்னப்பா அதில் இரண்டு பாத்திரங்களில் நடித்தார். தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று திரை வரலாற்றில் குறிக்கப்படுவது அதுதான். கேப்டன் மார்வெல் என்ற பெயரில் நம் மின்னல் நாயகன் அச்சில் அறிமுகமான இதழிலும் 1940 என்றே தேதி போட்டிருக்கிறது. தற்செயல்தான் என்றாலும் வசதியான தற்செயல்.

அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சியை எடுக்கும் முறை தையற்காரர் துணி வெட்டுவதைப் போன்றது. கேமராவை இம்மியும் அசையாமல் நிறுத்துவார்கள். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு, நடிகர் இடப்பக்கம் நின்று பேசுவதைப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, திறந்திருந்த பாதியை மறைத்து, வேறு உடையில் வந்த அதே நடிகர் வலப்பக்கம் நிற்பதை அந்தப் பிலிமிலேயே பதிவு செய்வார்கள். நடுக்கோட்டை நடிகரின் விரல் தாண்டினால் திரையில் அந்த விரல் காணாமல் போகும். எதிரே ஆளே இல்லாமல், இருப்பதாக எண்ணிக்கொண்டு, சரியான உயரத்தில் பார்வையை நிறுத்திப் பேச வேண்டும்.

தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு நடிப்பை மட்டும் பார்ப்போம். இரட்டை வேடத்தில் முகம் ஒன்று, ஆள் இரண்டு. ஆகவே நடிகரின் பாடு முழுவதும் வேறுபடுத்திக் காட்டுவதில் இருக்கிறது. ஒருவனுக்கு நிமிர்ந்த நடை, மற்றவனுக்குத் தளர்ந்த நடை. ஒருவனுக்கு மச்சம், மற்றவனுக்கு மீசை. எண்பது ஆண்டுகளாக இதைப் பார்த்துப் பழகிய நமக்கு, யார் நல்லவன் யார் கெட்டவன் என்று கண்டுபிடிக்க ஒரு தோள் குலுக்கல் போதும்.

'ஷஸாம்' இந்தக் கணக்கை அப்படியே கவிழ்த்துவிடுகிறது. முகம் இரண்டு, ஆள் ஒன்று. இங்கே இரு நடிகர்களும் பட வேண்டிய பாடு, தங்களை ஒன்றுபோலக் காட்டிக்கொள்வது. சேலத்துத் தெருவில் விற்கும் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளலாம். கீழே ஒரு தட்டுவடை. அதன்மேல் சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும். துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். மேலே மூடியாக இன்னொரு தட்டுவடை. தட்டுவடை இரண்டாக இருந்தாலும் தின்பது ஒரு செட்டுதான். இரண்டையும் ஒட்ட வைப்பது நடுவிலிருக்கும் காய்க் கலவை. அது குறைந்தால் கையில் மிஞ்சுவது இரண்டு தனித் தட்டுவடைகள்.

இந்தப் படத்தில் அந்தக் கலவை போதுமான அளவு இருக்கிறதா என்பதுதான் உண்மையான விவாதம். அதற்கு முன் ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுரு: நான்கு வகை

ஒரே கதைமாந்தர் இரண்டு தோற்றங்களில் வாழ்வதை மாற்றுரு என்று வைத்துக்கொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் 'டபுள் ஆக்ட்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் நான்கு வகை.

1. மாறுவேடம். உடலும் மனமும் அதே. உடை மட்டும் வேறு. இரவில் நகர்வலம் போகும் மன்னர் இந்த வகை. மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளார்க் கென்ட் ஆகும் சூப்பர்மேனும் இந்த வகையே.

2. இரட்டை வேடம். உடல் இரண்டு, மனம் இரண்டு. முகம் மட்டும் ஒன்று. கண்டிப்பாகச் சொன்னால் இது மாற்றுருவே இல்லை, உருவ ஒற்றுமை.

3. கூடுவிட்டுக் கூடு பாய்தல். ஒரு மனம் இன்னொருவர் உடலுக்குள் புகுவது. மூலன் என்ற இடையனின் உடலில் புகுந்து திருமூலர் ஆன கதை எல்லோருக்கும் தெரியும்.

4. உருமாற்றம். உடல் வேறு யாருடையதும் இல்லை. அதே ஆள்தான் வளர்ந்து நிற்கிறார். மூன்றடி மண் கேட்ட வாமனன் திரிவிக்கிரமனாக நிமிர்ந்தது இதற்கு நம் பெரிய உதாரணம்.

பில்லி நான்காம் வகை. ஆனால் வாமனனுக்கும் இவனுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வாமனன் பார்வைக்குத்தான் சிறுவன். உள்ளே இருப்பவர் முதலிலிருந்தே பெருமாள். பில்லியின் உடல் எவ்வளவு வளர்ந்தாலும் உள்ளே 14 வயதுப் பையன்தான் இருக்கிறான். நகைச்சுவை முழுவதும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பழைய காமிக்ஸில் இது இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அங்கே மின்னலுக்குப் பின் வரும் பெரியவர் பெரும்பாலும் பெரியவராகவே பேசுவார், பில்லியை வேறொருவனைப்போலக் குறிப்பிடுவார். பையனின் மனமே பெரியவர் உடலில் இயங்குகிறது என்ற எண்ணம் 1980-களில்தான் அழுத்தம் பெற்றது. படம் எடுத்துக்கொண்டது அந்தப் பிற்கால வடிவத்தை.

பெரியவன் ஏன் பையனைவிடப் பையனாக இருக்கிறான்?

ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். புதுச் சக்தி கிடைத்த இரவு, ஃப்ரெடியும் பெரியவர் உருவிலிருக்கும் பில்லியும் ஒரு கடைக்குப் போகிறார்கள். வயது வந்தவர் கூட இருக்கிறாரே, பீர் வாங்கலாம். அங்கே கொள்ளையர் இருவர் துப்பாக்கியுடன் வர, சுடச் சொல்லிச் சோதித்துப் பார்க்கிறார்கள். குண்டு உடையில்தான் பட்டது, உடைதான் தடுத்ததோ என்னவோ என்று சந்தேகம் வர, முகத்தில் சுடச் சொல்கிறார்கள். இதெல்லாம் முடிந்து வெளியே வந்து பீரை ஒரு வாய் குடித்ததும் இருவரும் துப்பிவிடுகிறார்கள். மறுபடி உள்ளே போய் அள்ளிக்கொண்டு வருவது குளிர்பானமும் தின்பண்டமும்தான். பெரியவர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்த கதவின் சாவி கிடைத்த பையன் என்ன செய்வானோ, அதையே செய்கிறார்கள். நடிப்பும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பொருந்திய இடம் இது.

இதே பில்லி பையன் உருவில் வரும் காட்சிகள் வேறு மாதிரி. பேச்சு குறைவு. யாரையும் நம்பாத கண். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கைகோக்கும்போதும் ஒட்டாத உடம்பு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பையன்தான் வயதில் மூத்தவன்போலத் தெரிகிறான். படம் வந்தபோது விமர்சகர்கள் பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள்.

ஆதரவாகச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று உண்டு. வீடு வீடாக மாறிய பிள்ளை சிறுவனாக இருக்கும் சலுகையை முன்பே இழந்துவிட்டான். யாரும் கேள்வி கேட்க முடியாத பெரிய உடம்பு கிடைத்ததும், விட்டுப்போன சிறுபிள்ளைத்தனத்தையெல்லாம் சேர்த்து வைத்து ஆடித் தீர்க்கிறான். இது நல்ல வாதம், பாதிக்கு மேல் உண்மையும்கூட. மீதிக் காரணம் திரைக்கதை வேலையைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது. துக்கம் முழுவதும் ஆஷர் ஏஞ்சலுக்கு, குதூகலம் முழுவதும் சாக்கரி லெவைக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பில்லி கடைசியில் தாயைக் கண்டுபிடிக்கிறான். தொலைந்த அன்று அவன் போலீஸார் பக்கத்தில் நின்றதைத் தான் பார்த்ததாகவும், தன்னால் வளர்க்க முடியாது என்று அப்படியே விட்டுவிட்டுப் போனதாகவும் அவள் சொல்கிறாள். அத்தனை ஆண்டுகளாக வைத்திருந்த திசைகாட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். படத்தின் மிகக் கனமான நிமிடம் இது. அதில் பெரியவர் உரு தலைகாட்டுவதே இல்லை. அந்த அடியின் வலியைப் பெரிய உடம்பிலும் ஒரு நொடி காட்டியிருந்தால் இரண்டு தட்டுவடையும் நன்றாக ஒட்டியிருக்கும்.

எதிர்த்திசையில் பார்த்தால் படம் மிக அழகாகச் செய்த ஒன்றும் இருக்கிறது. சிவானாவுடன் முதல் மோதலில் பில்லி பயந்து ஓடுகிறான். கடைத்தொகுதிக் கூட்டத்துக்குள் புகுந்ததும் மந்திரச் சொல்லைச் சொல்லிப் பையனாகிவிடுகிறான். மற்ற நாயகர்கள் ஆபத்தென்றால் உடை மாற்றிச் சக்தியோடு வருவார்கள். இவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடமே சிறுவனின் உடல். அதே துரத்தலில் பொம்மைக் கடைத் தரையில் பதித்த பெரிய பியானோவை மிதித்துக்கொண்டு ஓடுவது 1988-இல் வந்த 'பிக்' படத்துக்கு ஒரு வணக்கம். அதிலும் பையன் ஒருவன் ஒரே இரவில் பெரியவனாகிப் பொம்மைக் கடைப் பியானோவில் குதிப்பான்.

இன்னொரு காட்சியில், பில்லி விளையாட்டாகக் கையிலிருந்து விட்ட மின்னல் ஒரு பஸ்ஸைத் தாக்குகிறது. மேம்பாலத்தின் விளிம்பில் தொங்கும் பஸ்ஸைக் கீழே நின்று தாங்கிப் பிடிக்கிறான். ஏற்காட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து போனவர்கள் அந்த இடத்தில் தம்மையறியாமல் எதையாவது பிடித்துக்கொள்வார்கள். பஸ்ஸைக் காப்பாற்றியதற்கு ஊரே கைதட்டுகிறது. கவிழ்த்தவனும் அவன்தான் என்பதை ஃப்ரெடி மட்டும் முகத்துக்கு நேரே கேட்கிறான்.

ஆறு பேர், மூன்று எழுத்து

'ஷஸாம்' என்பது மந்திரவாதியின் பெயர். ஆங்கிலத்தில் அதற்கு ஆறு எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒருவரின் முதலெழுத்து.

1. சாலமன்: அறிவு
2. ஹெர்குலிஸ்: உடல்வலிமை
3. அட்லஸ்: தாங்கும் திறன்
4. ஜீயஸ்: ஆற்றல்
5. அக்கிலிஸ்: துணிவு
6. மெர்குரி: வேகம்

யூத மன்னர் ஒருவர், கிரேக்கர் சிலர், ரோமானியத் தேவன் ஒருவர் என்று கூட்டணி கலந்துகட்டிய ஒன்று. எழுத்து பொருந்தினால் போதும் என்று சேர்த்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதும்போது இந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. நம் எழுத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் உயிர்மெய்யாகிவிடும் அல்லவா? ஆகவே சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ் மூவரும் 'ஷ' என்ற ஒரே எழுத்துக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறது. ஜீயஸும் அக்கிலிஸும் 'ஸா'வில் பங்காளிகள். 'ம்' மட்டும் மெர்குரிக்குத் தனிக்குடித்தனம். ஆறு சக்தி எங்கிருந்து வந்தது என்று தமிழில் பார்க்கும் பிள்ளைக்கு விளங்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

மந்திரச் சொல் நமக்குப் புதிதில்லை. 1956-இல் அதே மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஊரெங்கும் பிள்ளைகளை "திறந்திடு சீசேம்" என்று கத்த வைத்தது. இரண்டு சொல்லும் ஒரே வகை இல்லை. சீசேம் கதவுக்குச் சொல்லும் கட்டளை. ஒட்டுக்கேட்ட எவன் சொன்னாலும் கதவு திறக்கும். ஷஸாம் அருள் பெற்றவனின் வாயில்தான் வேலை செய்யும். சீசேமில் ஆபத்து, சொல்லை மறந்து உள்ளே மாட்டிக்கொள்வது. ஷஸாமில் ஆபத்து, சொல்ல முடியாமல் போவது. பழைய காமிக்ஸில் வில்லன்கள் முதல் வேலையாகப் பில்லியின் வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள்.

சாலமனின் அறிவு கைவசம் இருக்கும் ஒருவன் மின்னலை வைத்துத் தெருவில் வித்தை காட்டிக் காசு வாங்குவானா என்ற கேள்விக்குப் படம் திருப்தியான பதில் தரவில்லை. ஆறில் ஒன்று வேலை செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெயர் எப்படிப் பறிபோனது?

இங்கே இரண்டு சட்டச் சொற்கள் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. பதிப்புரிமை: எழுதிய கதை, வரைந்த படம் ஆகியவற்றின்மேல் உள்ள உரிமை. வெறும் எண்ணத்துக்கு அது கிடையாது. பறக்கும் பலசாலி என்ற எண்ணம் பொதுச் சொத்து. அவனை வைத்து வரைந்த பக்கம் தனிச் சொத்து.

2. வணிகச்சின்னம்: கடைப் பலகையில் உள்ள பெயரின்மேல் உள்ள உரிமை. கடையைத் திறந்து வியாபாரம் செய்துகொண்டிருக்கும் வரை பெயர் உங்களுடையது. பூட்டிப் போட்டுவிட்டால் வேறொருவர் அதே பெயரில் பலகை மாட்டலாம்.

பெயரும் சொத்துதான் என்பது சேலத்துக்குத் தெரிந்த விஷயம். 'சேலம் ஜவ்வரிசி' 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது ஊர்ப் பெயருக்கான பாதுகாப்பு, வணிகச்சின்னம் ஒரு நிறுவனத்துக்கானது.

இப்போது கதைக்கு வருவோம். 1938-இல் சூப்பர்மேன் அச்சில் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது. பார்த்த மற்ற பதிப்பகங்களும் பலசாலிகளை இறக்கின. ஃபாசெட் என்ற நிறுவனத்துக்காக எழுத்தாளர் பில் பார்க்கரும் ஓவியர் சி.சி. பெக்கும் உருவாக்கிய நாயகன்தான் கேப்டன் மார்வெல். 'விஸ் காமிக்ஸ்' இரண்டாம் இதழில், பிப்ரவரி 1940 என்ற தேதியோடு வந்தான். வாசிக்கும் சிறுவன் 'பெரியவனானால் இவனைப்போல' என்று ஏங்க வேண்டியதில்லை. ஒரு சொல் சொன்னால் இப்போதே ஆகலாம். 1940-களில் விற்பனையில் சூப்பர்மேனையே முந்தினான். 1941-இல் பன்னிரண்டு பாகத் தொடர்ப்படமாகத் திரைக்கும் வந்தான். காமிக்ஸ் அதிசய நாயகன் ஒருவனை வைத்து எடுத்த முதல் படம் அது. அதிலேயே பையனுக்கு ஒரு நடிகர், பெரியவனுக்கு ஒரு நடிகர்.

அதே 1941-இல் சூப்பர்மேனின் உரிமையாளர்கள், இன்று டிசி என்று நாம் அறியும் நிறுவனத்தின் முன்னோர், வழக்குப் போட்டார்கள். குற்றச்சாட்டு: நகல். 1951-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பெழுதியவர் அமெரிக்காவின் பெயர்பெற்ற நீதிபதி லேர்னட் ஹேண்ட். எந்தெந்தக் கதைப் பக்கங்கள் சூப்பர்மேன் பக்கங்களின் நகல் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று வழக்கைக் கீழ்நீதிமன்றத்துக்கே திருப்பினார். அதற்குள் காமிக்ஸ் விற்பனையும் சரிந்துவிட்டது. மறுபடி வழக்காடித் தீர்ப்பு வாங்குவதைவிடக் கணக்கு முடிப்பதே மேல் என்று ஃபாசெட் 1953-இல் 4 லட்சம் டாலர் கொடுத்து, நாயகனை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது.

இங்கிலாந்தில் இந்தக் கதைகளை மறுபதிப்பு செய்துவந்தவருக்குத் திடீரென்று சரக்கு இல்லாமல் போயிற்று. 1954-இல் 'மார்வெல்மேன்' என்ற பெயரில் ஓர் ஒட்டுச்செடியை வளர்த்தார்கள். மந்திரச் சொல், அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பின்னிருந்து படித்தது. நகல் என்று வழக்கு வாங்கியவனுக்கே நகல்.

கடை பூட்டியிருந்தது அல்லவா? 1967-இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம், தன் பெயரே உள்ளே இருக்கும் 'கேப்டன் மார்வெல்' என்ற பலகையை எடுத்துத் தன் புது நாயகனுக்கு மாட்டியது. 1972-இல் டிசி பழைய நாயகனை ஃபாசெட்டிடமிருந்து உரிமம் வாங்கி மறுபடி வெளியிட முன்வந்தபோது பெயர் கைவிட்டுப் போயிருந்தது. யார் வழக்குப் போட்டுக் கடையைப் பூட்ட வைத்தாரோ, அவரே சாவியை வாடகைக்கு வாங்கி வந்து பார்த்தால் பலகை அடுத்த கடையில் தொங்குகிறது! உள்ளே கதையில் கேப்டன் மார்வெல் என்று அழைக்கலாம், அட்டையில் அப்படிப் பெயர் போட்டு விற்க முடியாது. ஆகவே 1973-இல் இதழுக்கு மந்திரச் சொல்லையே தலைப்பாக்கினார்கள். வாசகர்கள் தலைப்பைப் பார்த்து நாயகன் பெயரே ஷஸாம் என்று எண்ணிக்கொண்டார்கள். 2010-களின் தொடக்கத்தில் டிசியும் அதற்கு இணங்கி நாயகனையே ஷஸாம் என்று அழைக்கத் தொடங்கியது.

அடுத்த கடையிலோ, கேப்டன் மார்வெல் என்ற பட்டம் கைமாறிக் கைமாறி 2012-இல் கேரல் டான்வர்ஸ் என்ற பெண்ணுக்கு வந்தது. அவரை வைத்து எடுத்த படம் அமெரிக்காவில் 2019 மார்ச் 8-இல் வெளியானது. 'ஷஸாம்' ஏப்ரல் 5-இல். பழைய கேப்டன் மார்வெலும் புதிய கேப்டன் மார்வெலும் நான்கு வார இடைவெளியில் திரையரங்குக்கு வந்தால் யாருக்குத்தான் குழம்பாது?

இந்தப் புதுப் பெயரில் ஒரு சங்கடம். தன் பெயரைச் சொன்னால் உருமாறிவிடும் ஒருவன், "நீ யார்?" என்று கேட்டால் என்ன சொல்வான்? படம் இதைச் சட்டச் சிக்கலாகப் பார்க்காமல் நகைச்சுவையாக்கிக்கொண்டது. ஃப்ரெடி படம் முழுவதும் அவனுக்கு ஏதேதோ பெயர் வைத்துப் பார்க்கிறான், ஒன்றும் ஒட்டுவதில்லை. கடைசிக் காட்சியில் பள்ளி உணவுக்கூடத்துக்குச் சூப்பர்மேன் தட்டோடு வந்து நிற்கிறார், கழுத்துக்கு மேல் காட்டாமல். பன்னிரண்டு ஆண்டுகள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே மேசைக்கு வந்துவிட்டார்கள். சொந்தமா என்று கேட்டால், ஒரே முதலாளி என்பதுதான் சரியான பதில்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

சுவரொட்டியில் சிரிப்பும் சூயிங்கமும் இருப்பதைப் பார்த்து ஐந்து வயதுப் பிள்ளையை முன்னால் உட்கார வைக்க வேண்டாம். இயக்குநர் சாண்ட்பெர்க் இதற்கு முன் எடுத்தவை பேய்ப் படங்கள். கிறிஸ்தவ மரபு சொல்லும் ஏழு பெரும் பாவங்களும் பூதங்களாக வருகின்றன. ஒரு நிறுவனக் கூட்ட அறைக்குள் அவை புகும் காட்சி அந்தப் பழைய தொழில் பழக்கத்தை நன்றாகவே காட்டுகிறது. அங்கே சிவானா பழிவாங்குவது சொந்தத் தந்தையையும் அண்ணனையும். அவனும் சிறுவயதில் அதே குகைக்கு அழைக்கப்பட்டு, தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன்.

'வளர்ப்பு வீடு' என்பதையும் பிள்ளைகள் கேட்பார்கள். அது தத்து இல்லை. தத்தெடுத்தால் சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை ஒரு குடும்பத்துடன் வாழும், சட்ட உறவு மாறாது. நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. படத்தில் விக்டரும் ரோசாவும் தாங்களே அப்படி வளர்ந்தவர்கள். இறுதிச் சண்டையில் பில்லி சக்தியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஐவருக்கும் பகிர்ந்தளிக்க, ஆறு பேரும் ஆளுக்கொரு பெரியவர் உருவில் நிற்கிறார்கள். அப்போது திரையில் ஆறு பாத்திரம், பன்னிரண்டு நடிகர்.

வயது ஏறினால் என்ன ஆகும்?

இந்த வகைக் கதையின் முதலீடு இரண்டு உருவங்களுக்கும் இடையிலுள்ள வயது இடைவெளி. காமிக்ஸில் பில்லி எத்தனை ஆண்டுகளானாலும் சிறுவனாகவே இருக்கலாம். படத்தில் நடிக்கும் பிள்ளை வளர்வதை யாரும் நிறுத்த முடியாது. முதல் படம் உலகெங்கும் 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இரண்டாம் படம் வர 2023 மார்ச் ஆகிவிட்டது. கதையில் பில்லி பதினெட்டை நெருங்குகிறான், பீரைத் துப்பும் வயது தாண்டிவிட்டது. வசூலும் சுமார் 13 கோடி டாலரோடு நின்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், பெரியவர் உருவின் சிறுபிள்ளைத்தனம் முன்பு சிரிக்க வைத்த அளவுக்கு இம்முறை சிரிக்க வைக்கவில்லை.

வீட்டின் மூத்த பெண் மேரி விஷயத்தில் இடைவெளி முற்றிலும் மூடிக்கொண்டது. முதல் படத்தில் மேரியாக கிரேஸ் கரோலின் கரியும், அவளுடைய மாற்றுருவாக மிஷெல் போர்த்தும் நடித்தார்கள். இரண்டாவதில் மேரி வளர்ந்த பெண்ணாகிவிட்டதால் இன்னொரு நடிகை தேவைப்படவில்லை. இரண்டு உருவிலும் கரியே நடித்தார். முகம் ஒன்று, தோற்றம் இரண்டு. நடையையும் நிமிர்வையும் வைத்து அவரே வேறுபடுத்திக் காட்ட வேண்டியதாயிற்று, 1940-இல் சேலத்தில் பி.யு. சின்னப்பா செய்ததைப்போல.